ட்ரை பண்றேன்

கல்லூரி நண்பன் ஒருவன் போன வருஷம் தன் பையனின் பயோடேட்டாவைக் கொடுத்து, 'எங்கேயாவது சொல்லி வையேன்டா' என்றான். 'கண்டிப்பா ட்ரை பண்றேன்' என்றேன். ஒரு போன்கூடப் போடவில்லை.

சென்ற வாரம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஏழெட்டு மாசம் அலைந்த பிறகு பையனுக்கு எங்கோ வேலை கிடைத்துவிட்டதாம். 'நீயும் எவ்வளவோ ட்ரை பண்ணியிருப்பே. தேங்க்ஸ்டா' என்று கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் பாயசம் இறங்கவில்லை.

ஆங்கிலத்தில் முயற்சிக்கு 'எண்டெவர்' என்று இன்னொரு சொல் உண்டு. அதற்குள்ளே ஒளிந்திருப்பது ஒரு பிரெஞ்சுச் சொல். அர்த்தம், கடமை! 'எண்டெவர் செய்கிறேன்' என்றால் ஆதியில், 'இதை என் கடமையாக ஏற்கிறேன்' என்று பொருள்.

பிரிட்டிஷ் வியாபார ஒப்பந்தங்களில் இன்றைக்கும் 'பெஸ்ட் எண்டெவர்ஸ்' என்று எழுதுவார்கள். ஜெயித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். 'என்னவெல்லாம் செய்தாய்?' என்று கேட்பார்கள். பதில் வைத்திருக்க வேண்டும்.

கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பலின் பெயரும் எண்டெவர்தான். முன்பு நிலக்கரி சுமந்த கப்பல். 1770-ல் ஆஸ்திரேலியக் கரையோரம் பவளப்பாறையில் மோதி அடியில் ஓட்டை. பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். மாறி மாறி பம்ப் அடித்தார்கள். பாய்த்துணியில் கம்பளியையும் கயிற்று நாரையும் வைத்துத் தைத்து, ஓட்டையின் மேல் இழுத்துக் கட்டினார்கள். கப்பல் பிழைத்தது. (அந்தக் கரையை, அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமலே பிரிட்டனுக்குச் சொந்தம் என்று குக் அறிவித்தது வேறு கதை.) அன்று மூழ்கியே போயிருந்தாலும், அவர்கள் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

நம்ம 'ட்ரை பண்றேன்' அந்த ஜாதியே இல்லை. 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாதபோது வருவது. கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். உண்மையில், பச்சையாக மறுப்பதைவிட மோசம். மறுத்திருந்தால் நண்பன் அன்றைக்கே அடுத்த கதவைத் தட்டியிருப்பான். நானோ, கடையைச் சாத்திவிட்டு 'திறந்திருக்கிறது' என்று போர்டு மாட்டினேன். அவன் வாசலிலேயே நின்றான்.

நண்பனுக்கு போன் போட்டு, 'நான் எதுவுமே செய்யலைடா' என்று சொல்லிவிட வேண்டும்.

ட்ரை பண்றேன்.