நிம்மதி என்னும் முதல்

குன்னத்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் நிம்மதிக்கு ஒரு தவணை சொல்வார்கள். "இந்த ஆர்டர் போயிரட்டுமுங்க." "குழுக் கடன் ஒருவழியா கட்டி முடிச்சரட்டும்." "பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சுட்டா அப்புறம் என்னங்க கவலை?" ஆர்டர் போகிறது, அடுத்தது வருகிறது. குழுக் கடன் முடிந்த கையோடு அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போட்டாகிறது. கட்டிக்கொடுத்த பெண் பிரசவத்துக்கு வந்து சேர்கிறாள். நிம்மதி மட்டும் அடுத்த மாதத்துக்கு, அடுத்த வருஷத்துக்கு என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்படித் தள்ளிவைப்பவர்கள் கடமை உணர்ந்தவர்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சம் இருந்தால் தாங்கள் சாப்பிடுகிறவர்கள். அவர்களுடைய தியாகத்தில் குறை இல்லை. ஆனால் அந்தத் தியாகத்தின் கணக்கில் ஓரிடத்தில் பிழை விழுந்திருக்கிறது.

ஊத்துக்குளி வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூர் இரண்டு வாழ்க்கைகளுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, சோளக்காடு, பட்டி, மாட்டுச் சந்தை. இன்னொரு பக்கம் திருப்பூர். விடிந்ததும் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. காலை எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் மாலை ஐந்தரையோடு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் நள்ளிரவைத் தாண்டியும் ஓடும். சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வரும்போது, அந்த அரை ஷிப்டுகள்தான் வாடகையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகின்றன. அதனால் அந்த அரை ஷிப்டை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் துணியாது.

ஓவர்லாக் அடிக்கும் ஓர் அக்காவின் இரவைப் பார்ப்போம். வேன் இறக்கிவிட்டு அவர் வாசல் படியேறும்போது மணி ஒன்பதேமுக்கால். தலைமுடியில் பஞ்சுத் தூசு. காதுக்குள் இன்னும் மெஷின் ஓடுகிறது. சாதத்தை நின்றுகொண்டே பிசைந்து சாப்பிடுகிறார், உட்கார்ந்தால் எழ முடியாது என்று. அந்த நேரம் பார்த்து மகன் ரேங்க் கார்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறான். "இத்தன நேரம் என்னடா பண்ணீட்டிருந்த?" என்று சுரீரென்று ஒரு சத்தம். பையன் கார்டைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிறான். அவன் தூங்கியபின் அருகில் உட்கார்ந்து அவன் தலையைத் தடவியபடி அழுகிறார். பிறகு தூக்கம் வராமல் ஃபோனை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே பன்னிரண்டரை ஆக்குகிறார்.

அந்தக் கோபம் பையன் மேல் உள்ளது இல்லை. மத்தியானம் டார்கெட் முடியவில்லை என்று லைன் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லுக்குப் பதில் அது. கம்பெனியில் சொல்ல முடியாமல் விழுங்கியது வேனில் ஏறி, வீடு வரைக்கும் வந்து, எதிர்த்துப் பேச முடியாத ஓர் ஆள் மேல் இறங்கியது. கவனிக்கப்படாத மனம் இப்படித்தான் செய்கிறது. தன் பாரத்தை வீட்டில் மிகவும் எளியவர் தலையில் இறக்கிவைக்கிறது.

மில்லும் கம்பெனியும் வருமுன் இந்தப் பக்கத்து வாழ்க்கையில் மனத்துக்கான இடைவெளிகள் தாமாகவே இருந்தன. வாரம் ஒருநாள் எண்ணெய்க் குளியல். உச்சி வெயிலில் ஏரை அவிழ்த்துவிட்டு வேப்பமர நிழல். சந்தைக்குப் போன இடத்தில் ஒரு டீயும் நாலு பேச்சும். சாயங்காலத் திண்ணை. அது பொற்காலம் இல்லை. பஞ்சமும் இருந்தது, வீட்டுப் பெண்களுக்கு ஓய்வு அப்போதும் அரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் நாளுக்குள் சில நிறுத்தங்கள் இருந்தன. இன்று அவை தாமாக வருவதில்லை. நாமே வைத்துக்கொண்டால்தான் உண்டு.

அப்படி வைத்துக்கொள்ளும் வழியை நம்முடைய தமிழ்நாட்டிலேயே ஒரு நெசவாளி சொல்லிக்கொடுத்தார். 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி சிறு வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். துறவு பூண்டு காட்டுக்குப் போகாமல் குடும்பத்தில் இருந்தபடியே தாம் கண்டதை மற்றவர்களுக்குச் சொன்னவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-இல் பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. அவருடைய மனவளக்கலை மன்றங்கள் கொங்கு நாட்டுச் சிற்றூர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவர் கற்றுக்கொடுத்தவை எளிய உடற்பயிற்சி, சிறிது நேரத் தியானம், அத்துடன் நாள்தோறும் தன்னையே ஆராயும் தற்சோதனை. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று அதற்குப் படிகளும் வகுத்தார்.

கவலையைப் பற்றி அவர் வகுத்த பாகுபாடு இரவில் தூக்கம் வராதவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது. கவலைகளில் சில அனுபவித்தே தீர வேண்டியவை. சில தள்ளிப்போட்டுத் தீர்க்க வேண்டியவை. சில அலட்சியம் செய்து ஒதுக்க வேண்டியவை. சில உடனே செயலில் இறங்கித் தீர்க்க வேண்டியவை.

அந்த அக்காவின் மனத்தில் இரவு என்னென்ன ஓடும்? போன வருஷம் தவறிப்போன அப்பாவின் முகம். வியாழக்கிழமை கட்ட வேண்டிய குழுத் தவணை. பக்கத்து மெஷினில் இருப்பவர் குத்திச் சொன்ன ஒரு சொல். கம்பெனிக்குத் தொடர்ந்து ஆர்டர் வருமா என்ற பயம். நான்கும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்காரும்போது மலையாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் அப்பாவின் நினைவு அனுபவித்தே கரைய வேண்டியது; அதற்கு அழுதுவிடுவதுதான் மரியாதை. குத்தல் சொல் ஒதுக்க வேண்டியது. தவணைக்கு நாளைக் காலையிலேயே குழுத் தலைவியிடம் பேசிவிட வேண்டும். ஆர்டர் பற்றிய பயம் இன்றிரவு தீர்க்கக் கூடியது அன்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் வட்டாரமே இந்தப் பயத்தில் இருந்தது. வாஷிங்டனில் எடுத்த முடிவைக் குன்னத்தூரில் விழித்துக் கிடந்து மாற்ற முடியாது. ஆனால் விழித்துக் கிடந்தால் மறுநாள் ஊசி விரலில் ஏறும்.

இந்தப் பிரித்தலை மனத்துக்குள்ளேயே செய்வதைவிடத் தாளில் எழுதிச் செய்வது எளிது. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் பலர் தங்கள் கணக்குக்கு ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். அதன் கடைசிப் பக்கம் போதும். மனத்தில் உறுத்துவதை நாலு வரி எழுதலாம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் சிலர் தங்களை வருத்திய அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதும்போது அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது.

மற்றப் பழக்கங்களும் இதைப் போலக் காசு கேட்காதவைதான். டீ டைமில் மெஷினை விட்டு எழுந்து, ஃபோனைப் பையிலேயே வைத்துவிட்டு, வெளிச்சத்தில் நின்று டீ குடிப்பது. படபடப்பு வரும்போது மூச்சை இழுப்பதைவிட நிதானமாக, நீளமாக விடுவது; நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கைகால் கழுவி, ஐந்து நிமிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதென்று வீட்டாரிடம் பேசிவைத்துக்கொள்வது. படுக்கையிலிருந்து எட்டாத இடத்தில் ஃபோனை சார்ஜில் போடுவது. கூடப்பிறந்தவளிடமோ தோழியிடமோ வாரம் ஒருமுறையாவது வாய்விட்டுப் பேசுவது. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் முன்னதாக இருந்திருந்தால் ரேங்க் கார்டு சுருண்டிருக்காது.

இவற்றைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலை நேரத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நியாயம் ஆகாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. ஓய்வை முதலாளியின் கருணையாகப் பார்க்காமல் உழைப்பின் ஒரு பகுதியாகவே அந்தச் சட்டம் பார்த்தது. தொழிலாளி தன் மனத்தைக் காப்பது எவ்வளவு அவசியமோ, மரியாதையாகப் பேசும் சூப்பர்வைசரும், நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகமும் அவ்வளவு அவசியம்.

பழக்கங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்து வந்து போனால் அது நோய். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதில் வெட்கம் இல்லாததுபோல இதற்கு மருத்துவரைப் பார்ப்பதிலும் வெட்கம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அரசு வழியாக மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பல மொழிகளில் பேச முடியும் என்பதால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தனியாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கும் இந்த எண்ணைச் சொல்லிவைப்பது நம் பொறுப்பு.

இனி அந்தக் கணக்குப் பிழைக்கு வருகிறேன். குன்னத்தூர் சந்தையில் கறவை மாடு பிடிக்க வந்தவரைக் கவனித்துப் பாருங்கள். பல்லைப் பார்க்கிறார், மடியைத் தடவிப் பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை முடிக்கிறார். மாட்டை வீட்டுக்கு ஓட்டிவந்த அன்றைக்கே தீவனம் தயார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு. "பால் காசு வந்து சேரட்டும், அப்புறம் தீனி போட்டுக்கலாம்" என்று சொல்லும் விவசாயியை நான் பார்த்ததில்லை. மாடு முதல் என்பதும், முதலைப் பட்டினி போட்டால் லாபம் வராது என்பதும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மனிதர்கள் விஷயத்தில்தான் கணக்கைத் தலைகீழாக எழுதிவிட்டோம். உழைத்து முடித்தபின் மிஞ்சும் லாபம் என்று நிம்மதியை எழுதிவைத்திருக்கிறோம். உண்மையில் அதுதான் முதல். அது இருந்தால்தான் கை தடுமாறாமல் தைக்கும், வாய் தவறாமல் பேசும், கடனைக்கூடப் பதறாமல் யோசித்து அடைக்க முடியும். அது தீர்ந்துபோன பின் வரும் பணம் மருந்துக்கடைக்கோ டாஸ்மாக்குக்கோ போகிறது. நிம்மதி தகுதி பார்த்துக் கொடுக்கப்படும் கூலியாக இருந்தால், இந்த ஊரில் அது எல்லோருக்கும் எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் புள்ளைங்களுக்காகத்தான்" என்று சொல்கிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். பிள்ளைகள் நாம் வாங்கித் தருவதைவிட, நாம் நம்மை நடத்துகிற விதத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். சாப்பிடாமல், தூங்காமல், வலிக்கிறது என்று சொல்லாமல் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் தாயைப் பார்த்து வளரும் மகள், பெண் என்றால் அப்படித்தான் தேய வேண்டும் என்று கற்றுக்கொள்கிறாள். நாளைக்கு அவள் புகுந்த வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ யாராவது அவளைத் தேய்க்கும்போது அது தவறென்றே அவளுக்குத் தோன்றாது. தன் உடம்புக்கும் மனத்துக்கும் ஒரு மரியாதை கொடுத்து வாழும் தாயைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது உடனே உறைக்கும். தன்னைப் பேணத் தெரிந்தவரின் பிள்ளைக்கே தன் மதிப்பு தெரியும். கல்லூரிப் படிப்பும் தளம் போட்ட வீடும் அந்த மதிப்புக்குப் பின்னால் வர வேண்டிய சொத்துக்கள்.