கடலில் கொட்டிய அட்டைகள்

1960-ஆம் ஆண்டு. நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் ஒரு குப்பைப் படகு. அதில் பெட்டி பெட்டியாக, விற்காமல் தேங்கிய பேஸ்பால் கார்டுகள். நியூயார்க்கின் டாப்ஸ் நிறுவனம் 1952-இல் அச்சிட்டவை. எட்டு ஆண்டுகளாகக் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. கேளிக்கைக் கண்காட்சிக்காரர்களிடம் ஒரு சென்ட்டுக்குப் பத்து என்று தள்ளிவிடப் பார்த்தும் சீண்ட ஆளில்லை. கடைசியில் மூன்று குப்பை லாரி நிறைய ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டார்கள். கொட்டப் போனவர், அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கர். பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

அன்று மூழ்கியவற்றுள் 311-ஆம் எண் கார்டும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அட்டை. இளநீலப் பின்னணி. யாங்கீஸ் அணியின் தொப்பி, தோளில் சாய்த்த மட்டை, சற்றே மேல்நோக்கிய பார்வை. கீழே பெயர்ப்பட்டை, அதில் கையெழுத்தின் அச்சு. அந்த இளைஞருக்கு அப்போது வயது இருபது. பெயர் மிக்கி மேன்டில். 2022 ஆகஸ்டில் அதே கார்டின் பிரதி ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விற்றவர் அதை 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார்.

கார்டில் பணம் போட நினைக்கும் எவரும் இந்தக் கதையைக் கேட்டதும் கேட்பது ஒரே கேள்விதான்: பழைய கார்டு வாங்குவதா, புதிய கார்டு வாங்குவதா? எனக்கோ அந்தக் கேள்விக்கு அடியில் வேறொன்று தெரிகிறது. ஒரு பொருள் எதனால் அருமையாகிறது? தமிழில் ‘அருமை’ என்றால் கிடைப்பதற்கு அரியது என்றும் பொருள், மனத்துக்கு உகந்தது என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது. இந்த அட்டைகளின் கதை அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

1952-இல் டாப்ஸ் வெளியிட்ட வரிசையில் 407 கார்டுகள். 311 முதல் கடைசி வரையிலான தொகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் நேரம். பையன்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குத் திரும்பிவிட்டது. அதனால் வாங்கியவர்கள் குறைவு. வாங்கிய பையன்களும் அதைப் பாதுகாக்க வாங்கவில்லை. பபிள்கம்மோடு வந்த கார்டு அது. சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் செருகி, சக்கரம் சுற்றும்போது படபடவென்று சத்தம் வரவைத்தார்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். சுவரோரம் வீசி விளையாடித் தோற்றார்கள். படிக்க வெளியூர் போனதும், ஷூ பெட்டியோடு அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். இத்தனைக்கும் தப்பி, மூலை மழுங்காமல், மடிப்பு விழாமல் இன்று நிற்பவை சொற்பம்.

நம் ஊரில் 1990-களில் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு ஆடிய தலைமுறைக்கு இது உடனே புரியும். உயரம், எடை, ரேங்க் என்று கூவி எதிராளியின் கார்டைப் பிடுங்குவோம். ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் பென்சில் கரி அப்பிக் கிடக்கும். கடைசி பெஞ்சில் கைமாறும். ஆசிரியர் பறித்துக் கிழித்துப் போடுவார். என்னிடமிருந்த கட்டில் இன்று ஒன்றுகூட இல்லை. ஆனால் யாரிடம் எந்தக் கார்டைத் தோற்றேன் என்பது அப்படியே நினைவிருக்கிறது.

அமெரிக்காவில் இந்த அட்டைகள் பெரிய பணமாக மாறியபோது, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே ஒரு நடுவர் தேவைப்பட்டார். 1991-இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் அந்த வேலையைத் தொடங்கியது. படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்பு பிசிறடித்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து, ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடுவார்கள். இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. முகம் தெரியாத இரண்டு பேர், ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், ஒரே அட்டையைப் பற்றி ஒரே மொழியில் பேச முடிந்தது.

ஆனால் எண் வந்த இடத்தில், எண்ணையே பொருளாக நினைக்கும் மயக்கமும் வந்தது. அந்த நிறுவனம் முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டையே பாருங்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் சிகரெட்டோடு கொடுத்த வரிசையில் வந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு அது. தன் படம் வருவதை வாக்னர் எதிர்த்ததால் அச்சு சீக்கிரமே நின்றது. இன்று உலகில் இருப்பவை ஏறக்குறைய அறுபது. அவற்றுள் ஒன்று 1991-இல் எட்டு மதிப்பெண் வாங்கியது. அவ்வளவு கூர்மையான ஓரங்கள். அந்தக் கூர்மை எப்படி வந்தது என்பது 2013-இல் வெளியானது. அதை ஒருகாலத்தில் விற்ற வணிகர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தானே என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மாறாக, 2022-இல் இன்னொரு வாக்னர் கார்டு 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதற்குக் கிடைத்திருந்த மதிப்பெண் வெறும் இரண்டு.

பத்துக்கு இரண்டு. மூலை தேய்ந்த, கறை படிந்த, நூறாண்டு கைகளைக் கண்ட அட்டை. அங்கே விலை போனது எண் அல்ல.

பழைய கார்டின் பத்துக்கும் புதிய கார்டின் பத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1952-ஆம் ஆண்டு மேன்டில் கார்டில் பி.எஸ்.ஏ. பத்துப் போட்டவை மூன்றே மூன்று. அது தப்பிப் பிழைத்ததன் அடையாளம். இன்று பாக்கெட்டைப் பிரித்த கையோடு உறைக்குள் போட்டு அனுப்பும் கார்டுக்குப் பத்துக் கிடைப்பது, பிறந்த குழந்தைக்கு நரை இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது போலத்தான்.

இந்தப் பாடத்தைச் சேகரிப்பாளர்கள் ஒருமுறை பட்டுப் படித்தார்கள். பழைய கார்டுகளின் விலை 1980-களில் செய்தியாகப் பரவியதும், வீட்டுக்கு வீடு முதலீட்டாளர்கள் கிளம்பினார்கள். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு என்று பெட்டி பெட்டியாக வாங்கி நிலவறையில் அடுக்கினார்கள். நிறுவனங்களும் அச்சு இயந்திரத்தை நிறுத்தவில்லை. அந்தக் காலத்தின் புகழ்பெற்ற கார்டு, 1989-இல் அப்பர் டெக் வெளியிட்ட கென் கிரிஃபி ஜூனியரின் அறிமுகக் கார்டு. கிரிஃபி யாரையும் ஏமாற்றவில்லை. மேன்டில் அடித்த ஹோம் ரன் 536; கிரிஃபி அடித்தது 630. 2016-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஆனாலும் அவருடைய கார்டு மேன்டில் கார்டாகவில்லை. பத்து மதிப்பெண் வாங்கிய பிரதிகளே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வீரர் தோற்கவில்லை, கார்டும் கெடவில்லை. எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், அதனால்தான் அரிதாகவில்லை.

அதே ஆசை பெருந்தொற்றுக் காலத்தில் திரும்பி வந்தது. 1986-ஆம் ஆண்டு ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் கார்டு, பத்து மதிப்பெண்ணோடு, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டு இரண்டு லட்சம் டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஓராண்டில் ஜோர்டன் ஆடிய ஆட்டம் எதுவும் மாறவில்லை; வாங்கியவர்களின் அவசரம்தான் வடிந்தது. 2021 மார்ச்சில், வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. புதிதாக ஏற்பதைப் பெருமளவு நிறுத்தி வைத்தது. மே மாதம், கார்டுக்காக வாகன நிறுத்துமிடத்தில் நடந்த கைகலப்புக்குப் பிறகு, டார்கெட் நிறுவனம் தன் கடைகளில் சில காலம் அவற்றை விற்பதையே விட்டது. இன்னொரு பக்கம், 2024 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் மட்டும் அச்சான போக்கிமான் கார்டுகள் 1,190 கோடி.

இவ்வளவு அச்சடிக்கும்போது அருமையை எப்படிக் காட்டுவது? அதையும் அச்சடித்தார்கள். ஒரே ஒரு பிரதிதான் என்று எண் பொறித்த கார்டு, வீரரின் சட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய சின்னம், நேரடிக் கையெழுத்து. அரிதாக இருக்கும்படியே பிறந்த அட்டைகள் இவை. அவை விலை போவதில்லை என்று சொன்னால் பொய். பேஸ்பால் வீரர் மைக் ட்ரவுட்டின் 2009-ஆம் ஆண்டுக் கார்டு 2020-இல் 39 லட்சம் டாலரைத் தாண்டியது. கூடைப்பந்து வீரர்கள் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரின் சட்டைச் சின்னமும் கையெழுத்தும் கொண்ட ஒரே பிரதி, 2025 ஆகஸ்டில் 1 கோடியே 29 லட்சம் டாலருக்குப் போய் மேன்டிலையே முந்தியது.

ஆனால் அந்த இரட்டைக் கார்டின் கதையைக் கவனியுங்கள். அது 2007-08 பருவத்தில் வெளியானது. ஜோர்டன் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பிரையன்ட் 2020-இல் மறைந்தார். மகளையும் அவரையும் பறித்த அந்த விபத்துச் செய்தி கேட்டு உலகமே கலங்கியது. அச்சகம் அந்தக் கார்டுக்குக் கொடுத்தது அரிதான தன்மையை மட்டுமே. அருமையைக் கொடுத்தவை இரண்டு முழு வாழ்க்கைகளும் பதினெட்டு ஆண்டுகளும். இன்றைக்குப் பத்தொன்பது வயதில் அறிமுகமாகும் வீரரின் கார்டுக்கு அந்த வாழ்க்கை இன்னும் எழுதப்படவில்லை. ஒரு முழங்கால் காயம் போதும், கணக்கு புரண்டுவிடும். பழைய கார்டு முடிந்துபோன கதை; புதிய கார்டு பந்தயம்.

வியாபாரத்தோடு நிற்பவர்களுக்கு இந்த விடை போதும். எனக்கு இன்னும் ஒரு படி போகத் தோன்றுகிறது. மேன்டில் ஆடியதைக் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்கள் போன பின் அந்தக் கார்டு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு வாக்னரின் கார்டே பதில். அவர் கடைசியாக ஆடியது 1917-இல். அவர் ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு கண்கூட இன்று பூமியில் இருக்காது. ஆனாலும் அவர் கார்டு மங்கவில்லை. ஏனென்றால் தாத்தா அப்பாவிடம் சொன்னார், அப்பா பிள்ளையிடம் சொன்னார். கார்டு கைமாறுவதற்கு முன் கதை கைமாறியது.

ஆக, 311-ஆம் கார்டுக்கு விலை வைத்தது யார்? ஏலக்காரரா, மதிப்பெண் போட்டவரா? விலையை நினையாமல் அதைச் சக்கரக் கம்பியில் செருகிய பையன்தான். அவன் அழித்ததால் அது அரிதானது. அவன் நேசித்ததால், எழுபது ஆண்டு கழித்தும் அதைத் தேட ஆளிருக்கிறது. அரிது என்பதை ஓர் அச்சகம் ஒரே நாளில் செய்துவிடும். அருமை என்பதை விலையை நினைத்துக்கொண்டு யாராலும் செய்ய முடியாது. கணக்குப் பார்க்காத கைகள் தொட்ட பிறகு, காலம் மிச்சம் வைத்துப் போவதுதான் அருமை.

கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடன் வாங்கி வாங்காதீர்கள். உறையின் மேலுள்ள எண்ணைப் பார்க்கும் முன் உள்ளிருக்கும் அட்டையைப் பாருங்கள். நாளை அதன் விலை பாதியானாலும் எடுத்துப் பார்க்க மனம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரும் என்றால் மட்டும் வாங்குங்கள். வீட்டில் பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். பிரித்தவுடன் உறையில் போடச் சொல்லாதீர்கள். விளையாடட்டும். மூலை மழுங்கினால் மழுங்கட்டும்.