மூஞ்சூறு வாகனம்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் தம்முடைய பழைய நானோ காரில் என்னை அழைத்துச் சென்றார். மண்டபத்து விளக்குகள் கண்ணில் பட்டதுமே, "தெருமுனையிலேயே இறக்கி விட்டுவிடுங்கள், ஸார். கொஞ்சம் காலாற நடந்து வருகிறேன்" என்றேன். நண்பர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தினார். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது. காலாற நடக்கிற வேளையே அல்ல. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கதைகளில் எத்தனையோ அற்பர்களைப் படைத்து, வாசகர்களின் கோபத்துக்கு அவர்களை இரையாக்கியவன் நான். அன்று நனைந்துகொண்டே நடந்தபோது, அவர்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

ஒரு காரின் பெயரில் அந்தஸ்து இருக்கிறதா, இல்லையா? இல்லை என்று பேச நமக்கு ஆசைதான். ஆனால் நம் நாட்டுக் கார்களின் கதை அப்படிச் சொல்லவில்லை.

அம்பாஸடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை அதைச் செய்து வந்தார்கள். வெள்ளைச் சாயம் பூசி, தலையில் சிவப்பு விளக்கு வைத்தால் அது மந்திரியின் கார். போலீஸ்காரர் விறைத்து நிற்பார். மஞ்சள் பூசினால் கல்கத்தாவின் வாடகை வண்டி. கைதட்டிக் கூப்பிட்டு, கூலிக்குப் பேரம் பேசுவோம். தகரம் ஒன்றுதான், உருவமும் ஒன்றுதான். 2017 மே மாதம் முதல் மந்திரிகளின் கார்களிலிருந்து சிவப்பு விளக்கையும் அகற்றச் செய்தார்கள். அப்படியானால் இத்தனை காலம் மரியாதை எங்கேதான் குடியிருந்தது?

ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நாளில் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வைத்திருப்பதே பெருமை; அது பியட்டா, அம்பாஸடரா என்பது அவரவர் ருசி. 1983 டிசம்பரில் மாருதி வந்து, 1991க்குப் பிறகு கதவுகளும் திறந்த பின்புதான், "கார் இருக்கிறதா?" என்ற கேள்வி போய், "என்ன கார்?" என்ற கேள்வி வந்தது. பொறுக்கி எடுக்க வழி பிறந்தவுடனே, எடுத்ததை வைத்து ஆளை எடைபோடவும் வழி பிறந்துவிட்டது.

நானோவின் கதைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நாலு பேராய்ப் போன குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த எண்ணமே பிறந்ததாம். 2008 ஜனவரியில் டில்லியில் காட்டினார்கள். மறு வருஷம் லட்ச ரூபாய்க் கார் என்று விற்பனைக்கு வந்தது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும் அதைக் கெடுத்தது உண்மை. ஆனால் 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பட்டம் செய்த கெடுதலை அந்தத் தீ செய்யவில்லை. அப்படி விளம்பரமானது தவறு என்று டாடாவே பின்னால் ஒப்புக்கொண்டார். பத்து வருஷத்தில் உற்பத்தி நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகும் ஒருவரிடம், "பழைய நானோ ஒன்று வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஸ்கூட்டரில் போய் இறங்கினால், இன்னும் கார் வாங்கவில்லை என்று நினைப்பார்கள், ஸார். அதில் போய் இறங்கினால், இவனால் இவ்வளவுதான் முடிந்தது என்று நினைப்பார்கள்" என்றார்.

மழைக்கும் லாரிக்கும் நடுவே இரண்டு குழந்தைகளை அழைத்துச் செல்லும் ஒரு தகப்பனார், மைத்துனன் முகத்தில் தோன்றப் போகும் ஒரு சிறு புன்னகைக்கு அதைவிட அதிகமாக அஞ்சுகிறார். அவரை அசடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் புன்னகை நிஜமானது. அதன் விலையை அவருடைய மனைவியும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். அந்தஸ்து காரில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தத்துவம் முடிந்துவிடும். ஆனால் பார்க்கிறவன் யார்? நான்தானே! அந்தத் தகப்பனாரைப் பயமுறுத்தும் கண்களில் இரண்டு என்னுடையவை.

எந்தப் பூஜையிலும் முதல் மரியாதை பெறும் பிள்ளையாருக்கு வாகனம் மூஞ்சூறு. தம்பியோ மயிலில் பறக்கிறார். அதைக் கண்டு பிள்ளையாரைக் குறைவாக நினைத்த பக்தர் யாரையும் நான் சந்தித்ததில்லை. கோயிலில் நமக்கு இருக்கிற இந்த நிதானம் கல்யாண மண்டபத்து வாசலில் ஏனோ காணாமல் போய்விடுகிறது.

அன்றிரவு விருந்து முடிந்து வெளியே வந்தேன். மழை வலுத்திருந்தது. நண்பர் குடையுடன் வாசலில் நின்றிருந்தார்.

"நடந்து வருகிறீர்களா, ஸார், அல்லது வண்டியைக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை.

"இங்கேயே கொண்டு வாருங்கள்" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.