கடுக்காய் சொல்லும் தர்மம்

அந்தக் காலத்தில் கோயிலும் அரண்மனையும் கட்டியவர்கள் சுண்ணாம்பை வெறும் தண்ணீரில் குழைக்கவில்லை. கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டிக் கரைசலையும் சேர்த்துச் சாந்து அரைத்தார்கள். கருப்பட்டி பனையேறியின் வியர்வை. கடுக்காய் மலைமக்களின் வியர்வை. சுவரைக் கண்டு வியப்பவர் பலர். அந்தக் கைகளை நினைப்பவர் சிலர்.

பனையேறிகள் பட்ட பாட்டை அகிலத்திரட்டு வாசிக்கும் வீடுகள் அறியும். திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேறும் ஏணிக்கும் தளைக்கும்கூட வரி கேட்டார்கள். அந்த எளியோரைத் தாங்கவே கொல்லம் ஆண்டு 1008, மாசி 20ஆம் நாள் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளினார்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையிலும் அதே கண்ணீர் வழிந்தது. ஜாகீர்தார்களின் பிடியில் மலைமக்கள் கூலியில்லா வேலை செய்தார்கள். அந்தப் பிடி விலகியது 1976இல்தான்.

அந்த மலைக்குப் பேர் தந்த மரங்களில் ஒன்று கடுக்காய். நெல்லியோடும் தான்றியோடும் சேர்ந்தால் அது திரிபலா. தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் அது உதவும். கொட்டையை நீக்கித் தோலை மட்டுமே மருந்துக்கு எடுக்க வேண்டும். உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும், கொம்பை ஒடிக்கக் கூடாது. இந்த அறிவு ஏட்டில் தொடங்கியதல்ல. காட்டோடு வாழ்ந்த பெரியோர் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கையில் காயைக் கொடுத்துச் சொல்லித் தந்தது.

ஏமாற்றுவதைக் ‘கடுக்காய் கொடுப்பது’ என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் கடுக்காய் கொடுத்த மக்களே ஏமாற்றப்பட்டார்கள். மலையில் மூட்டைக்குக் கிடைத்த காசு சொற்பம். கீழே கடையில் அதே தூளுக்கு விலை பல மடங்கு. காட்டில் விளைவதைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாசிகளுக்கு உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லுமுன்பே தர்மம் சொன்னது அது.

அன்புமக்களே, தலைப்பாகை கட்டிப் பதியில் கண்ணாடிமுன் நிற்கும்போது தெரிகிற முகத்துக்குள் இறைவன் இருக்கிறான் என்பது அய்யாவழி. அப்படியானால் மலையில் காய் பொறுக்கும் தாயின் முகத்துக்குள் இருப்பவன் யார்? மரத்தின் பயனை மட்டும் கற்றுக்கொண்டு, கற்றுத் தந்தவரை மறப்பது அரைப் படிப்பு. அவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். கற்றதை அவர்கள் பேர் சொல்லிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாங்கும்போது உரிய விலை கொடுங்கள். பேரம் பேசி அவர்கள் கூலியைக் குறைக்காதீர்கள்.

கடுக்காய்க் கொட்டையின் ஓடு கடினம், லேசில் முளைக்காது. ஆனாலும் மண்ணுக்குள் காத்திருந்து முளைத்து, ஒருநாள் ஊருக்கே நிழல் தரும். தர்மமும் அப்படித்தான். பொறுமையோடு விதைப்போர் வாழ்வார்.

அய்யா உண்டு.