ஒன்றரை அங்குல யானை

போர்யானைகளின் சிற்றுருவங்களைச் சேகரிப்போர் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கிலும் ஈயக் கலவையிலும் வார்த்த இந்த யானைகளுக்குப் பரவலாக வழங்கும் அளவுகளுள் ஒன்று 72இல் ஒரு பங்கு. தோள்வரை 2.75 மீற்றர் உயர்ந்த ஆசிய யானை இந்த அளவில் 38 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை அங்குலம். கார்த்தேஜ் நகரத்தார் போருக்குக் கொண்டுபோன வட ஆபிரிக்க யானை அதைவிடச் சிறியது. அதை 2.4 மீற்றர் என்று கொண்டால் 33 மில்லிமீற்றர் வரும். வித்தியாசம் 5 மில்லிமீற்றர், ஓர் அரிசிமணியின் நீளம்கூட இல்லை. இந்த 5 மில்லிமீற்றருக்காக ஒரு பெட்டி யானைகளை முழுவதாகப் பிழையென்று ஒதுக்கிவைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு.

பார்ப்போருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இந்தப் பிடிவாதத்துக்குள் ஓர் ஒழுக்கக் கேள்வி இருக்கிறது. கடந்துபோன ஒன்றைப் பற்றி உண்மை சொல்வதென்றால் என்ன? அதன் அளவைச் சரியாகச் சொல்வது மட்டுந்தானா?

ஹனிபாலின் யானை என்று பெட்டியில் எழுதி, யானையின் முதுகில் மரக்கோபுரமும் கோபுரத்துள் வீரர்களும் வைத்து விற்கிறார்கள். தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் கேட்பது இதுதான்: இந்தக் கோபுரத்துக்கு ஆதாரம் எங்கே? ஹனிபாலின் குடும்பத்தார் ஸ்பெயினில் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் யானை இருக்கிறது, பாகனும் இருக்கிறான், கோபுரம் இல்லை. இத்தாலியின் கப்பேனாவில் கிடைத்த மட்தட்டு ஒன்றில் கோபுரம் இருக்கிறது. ஆனால் அது ஆசிய யானை. பின்னால் ஒரு கன்றும் வருகிறது. காலமும் ஹனிபாலுக்கு முந்தியது. ஓர் ஓவியர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைய, அதைப் பார்த்து அச்சு வெட்டுபவர் வெட்ட, கோபுரம் யானையின் உறுப்பே போல ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று கேட்டுக் கேட்டே ஹதீஸ் கலை வளர்ந்தது. வரிசை இடையில் அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பலவீனமானது என்றார்கள். பிளாஸ்டிக் யானைக்கும் ஸனத் கேட்கும் மனிதரை நான் மதிக்கிறேன்.

ஆதாரம் கேட்பவர் தம்முடைய தீர்ப்பையும் மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும். கி.மு. 217இல் ரபியா என்ற இடத்தில், இன்று நாம் கண்ணீரோடு உச்சரிக்கும் அதே ரபாஹ்வின் அருகில், எகிப்தின் நான்காம் தொலமி 73 ஆபிரிக்க யானைகளோடும் மூன்றாம் அந்தியோகஸ் 102 ஆசிய யானைகளோடும் மோதினார்கள். ஆசிய யானைகளின் உருவத்துக்கும் வாடைக்கும் அஞ்சி ஆபிரிக்க யானைகள் பின்வாங்கின என்று பொலிபியஸ் எழுதிவைத்தார். அப்படியானால் தொலமியுடையவை உருவத்தில் சிறிய ஆபிரிக்கக் காட்டு யானைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. 2014இல் எரித்திரியாவில் எஞ்சியுள்ள யானைகளின் மரபணுவை ஆராய்ந்தபோது அவை புல்வெளி வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தொலமியின் ஆட்கள் யானை பிடித்தது அந்தப் பிரதேசங்களில்தான். காட்டு யானையின் வட்டக் காதும் நேரான தந்தமும் இல்லை என்று தொலமியின் யானைகளைத் தள்ளிவைத்தவர்கள் அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டி வந்தது. கார்த்தேஜ் யானைகளின் கதை வேறு. அவை வேறு நிலத்தில் பிடிக்கப்பட்டவை.

வீட்டு அலுமாரியில் யானை உருவம் வைக்கலாமா என்ற சட்ட விவாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். என் கவனத்தை இழுப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம். நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிவந்த சமயம். (எந்தப் பயணம் என்பதில் அறிவிப்பாளருக்கே ஐயம், அந்த ஐயத்தையும் மறைக்காமல் பதிந்திருக்கிறார்கள்.) காற்றில் திரை விலக, ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகள் தெரிகின்றன. நடுவில் துணித்துண்டுகளால் இரு சிறகு வைத்த குதிரை ஒன்று. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்கிறார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரிக்கிறார்கள்.

அளவுகோல் வைத்துப் பார்த்தால் அந்தக் குதிரை முழுப் பிழை. ஆயினும் அதை யாரும் திருத்தவில்லை. (ஒருவகையில் ஆயிஷா நாயகி தமது குதிரைக்கு ஆதாரமும் காட்டிவிட்டார்கள்.) விளையாட்டுப் பொருள் எந்தக் குதிரையைப் பற்றியும் சாட்சி சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு யானைக்குக் கீழே போரின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால், அது விளையாட்டுப் பொருள் என்ற நிலையைவிட்டுச் சாட்சிக்கூண்டில் ஏறிவிடுகிறது. சாட்சிக்கு இரண்டு கடமைகள்: இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இருந்ததை மறைக்கக்கூடாது. சேகரிப்பாளர் உலகம் முதலாவதில் கெட்டி. ஆதாரமில்லாத கோபுரத்தை உடனே பிடித்துவிடுகிறது. இரண்டாவதில்தான் எனக்குச் சங்கடம்.

கி.மு. 202இல் ஸாமாவில் ஹனிபால் 80 யானைகளை முன்வரிசையில் நிறுத்தினான். உரோமரின் எக்காளச் சத்தத்தில் மிரண்ட சில யானைகள் திரும்பி அவனுடைய குதிரைப்படைக்குள்ளேயே புகுந்தன. அதற்கு ஐந்து வருடம் முந்தி, கி.மு. 207இல், மெட்டாரஸ் ஆற்றங்கரையில் அவன் தம்பி ஹஸ்த்ருபால் தோற்று மாண்டான். அந்தப் போரில் எதிரியால் செத்த யானைகளைவிடச் சொந்தப் பாகரால் செத்தவையே அதிகம் என்கிறார் லிவி. பாகனிடம் ஓர் உளியும் சுத்தியலும் இருந்தன. யானை வெறிகொண்டு தன் பக்கத்து ஆட்களை மிதிக்கத் தொடங்கினால், காதுகளுக்கு நடுவே, தலை கழுத்தோடு சேரும் பொருத்தில் உளியை வைத்துப் பலமெல்லாம் கூட்டி அடிப்பான். யானை அவன் சொல்லுக்குப் பழகியது. அடிக்கும் வேளையிலும் அவன் அதன் கழுத்தில்தான் இருக்கிறான்.

நான் பார்த்த சிற்றுருவப் பாகர்களின் கையில் அங்குசம் இருக்கிறது. அதன் வளைவு சரியா என்று வாதாடுவோரும் இருக்கிறார்கள். உளியை நான் எந்தப் பாகனிடமும் காணவில்லை.

துல்லியம் முழுமையாக இருந்தும் சாட்சியம் அரைகுறையாக இருக்க முடியும் என்பதை அறிய நாம் கார்த்தேஜ்வரை போகத் தேவையில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபின் புதுக்குடியிருப்பில், கைப்பற்றப்பட்ட படகுகளும் நீர்மூழ்கிகளும் ஆயுதங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை சிற்றுருவங்களல்ல. ஆணியும் துருவும் உட்பட எல்லாம் அசல். எந்தச் சேகரிப்பாளரும் அவற்றில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் அந்த யுத்தத்தில் ஓடியவர்களை, 1990இல் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்ட நம்மவர்கள் உட்பட, அந்த இரும்புக்குள் தேடிக் காணவும் முடியாது.

பழைய ஏடுகள் இந்த விஷயத்தில் நம் காலத்து வார்ப்பாளர்களைவிட நேர்மையானவை. மகாவம்சம் ஓர் அரசனின் வெற்றியைப் புகழும் நூல். அதனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய. இருந்தும், விஜிதபுரக் கோட்டை வாயிலில் துட்டகைமுனுவின் கண்டுல யானைமீது உருக்கிய கீல் ஊற்றப்பட்டதையும், வேதனை தாளாமல் அது குளத்தில் பாய்ந்ததையும், வைத்தியன் கீலைக் கழுவி மருந்து தடவியதையும் அது ஒளிக்கவில்லை. நம் சரித்திர ஆசிரியர்களும் அப்படித்தான். 634இல் ஜிஸ்ர் போரில் தளபதி அபூ உபைத் யானையின் காலடியில் நசுங்கி மாண்டதையும், சிறிது காலத்தின் பின் காதிஸிய்யாவில் முஸ்லிம்கள் யானைகளின் கண்களைக் குத்தியதையும் மூடிமறைக்காமல் எழுதினார்கள்.

நம் பிள்ளைகள் சிறு பராயத்திலேயே மனனமிடும் ஸூரா ஒன்று யானைப்படையைப் பற்றியது. ஆப்ரஹாவின் அந்தப் படையில் வந்த மஹ்மூத் என்ற யானையின் கதையை இப்னு இஸ்ஹாக் விவரிக்கிறார். மக்காவின் பக்கம் திருப்பியதும் அது மண்டியிட்டுவிட்டது. தலையில் இரும்பால் அடித்தார்கள், கொக்கியால் குத்திக் கிழித்தார்கள், எழும்பவில்லை. யமன் பக்கம் திருப்பியதும் எழும்பி ஓடியது. முஸ்லிம்களுக்கு மிகவும் அறிமுகமான போர்யானை, போருக்குப் போக மறுத்த யானை! மண்டியிட்ட போர்யானைச் சிற்றுரு ஒன்று என் கண்ணில் இன்னும் படவில்லை. துதிக்கையை உயர்த்தி, ஒரு முன்காலைத் தூக்கிப் பாயும் யானைதான் பெட்டிக்குப் பெட்டி.

ஒன்றரை அங்குலப் பிளாஸ்டிக்கில் பயத்தையும் நோவையும் எப்படிக் காட்டுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் அவரிடம் சொன்னது, இன்றைய துருக்கியிலுள்ள மிரினாவில் கிடைத்துப் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுடுமண் யானையைப் பற்றி. ஒரு சாண் உயரமும் இல்லை. முதலாம் அந்தியோகஸ் தன் யானைகளால் கலாத்தியரை வென்றதன் நினைவாகச் செய்யப்பட்டது என்று கருதுகிறார்கள். செய்தவன் வென்றவன் பக்கம் நின்றவன்தான். ஆனாலும் யானையிடம் அகப்பட்டு நசுங்கும் கலாத்தியனை அவன் விட்டுவிடவில்லை. கொஞ்சம் களிமண்ணில் அதற்கும் இடம் இருந்தது.

22 சென்ரிமீற்றர் உளி 72இல் ஒரு பங்கு அளவில் 3 மில்லிமீற்றர்தான். மெல்லிய செப்புக் கம்பியில் ஒரு துண்டு வெட்டிப் பாகனின் இடுப்பில் ஒட்டிவிடலாம். ஆனால் மெட்டாரஸ், கி.மு. 207 என்று எழுதிய யானைக்கு மட்டும். இந்த வழக்கத்தை முதலில் புகுத்தியவன் ஹஸ்த்ருபால் என்பது லிவியின் கூற்று. ஆகவே, கி.மு. 218இல் ஹனிபாலோடு அல்ப்ஸ் மலையேறிய 37 யானைகளின் பாகரிடம் உளியை வைத்தால், கோபுரத்தைப் போல அதுவும் ஆதாரமில்லாத சேர்க்கையாகிவிடும்.