கட்டுச்சோறும் கயிலையும்

சித்திரை வெயில் ஏறியதும் காரைக்கால் வட்டாரத்து மொட்டைமாடிகளில் தாளிப்பு வடகம் காயத் தொடங்கும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டி, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசிறிப் பகலில் பரப்புவார்கள். பொழுது சாய்ந்தால் மறுபடி உருண்டை பிடித்து எடுத்துவைப்பார்கள். ஈரம் முற்றிலும் போகும்வரை இது நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிய கறுத்த உருண்டைகள் டப்பாவுக்குள் அடங்கும். அந்த டப்பாக்களில் சில பிரான்சுக்குப் போகும். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலம் போக, 1954 வரை அவர்கள் ஆண்ட ஊர் இது. 1962-இல் ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிள்ளைகள் அங்கேயும் பெற்றோர் இங்கேயுமாக வாழும் வீடுகளும் உண்டு. பாரிசில் கிடைக்காத பண்டம் குறைவு. ஆனாலும் விமானப் பெட்டியின் எடைக்கணக்கில் வடகத்துக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. இந்தச் சிறிய செயலுக்குள் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. அயலூரில் இருந்துகொண்டு வீட்டு ருசியைத் தேடுவது பற்றுதானா? பற்று என்றால், அறுத்தெறிய வேண்டிய பற்றா? அதை அறுக்க வேண்டியதில்லை, பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் வாதம். அதற்கான சான்று காரைக்காலிலேயே இருக்கிறது.

மறுதரப்பின் பலத்தை முதலில் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்றைச் சொல்கிறது. பாசம் என்றால் கயிறு. நாக்கின் பழக்கம் அந்தக் கயிற்றில் ஒரு புரி. திகம்பர சமண முனிவர் பாத்திரம்கூட இல்லாமல் நின்றபடி கையில் ஏற்று உண்கிறார். பௌத்தத் துறவி பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்கிறார். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண் தைக்காத இரண்டு துணிகளோடு இஹ்ராம் பூணுகிறார். அந்த நிலையில் நறுமணம் பூசவும் அவருக்கு அனுமதி இல்லை. விவிலியத்தின் எண்ணாகமத்தில், பாலைவனத்தில் இறைவன் தந்த மன்னா என்ற உணவை உண்டு சலித்த இஸ்ரவேலர்கள், எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள்; இறைவனின் சினம் அவர்கள்மேல் மூள்கிறது. புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்ட கணியன் பூங்குன்றனாருக்கு ஓர் ஊரின் வடகம் எதற்கு? இத்தனை மரபுகளும் ஒரே திசையைக் காட்டும்போது, ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர் ஆன்மிகத்தில் இன்னும் குழந்தை என்று முடிவுகட்டத் தோன்றும்.

ஆனால் காரைக்காலில் வாழ்ந்து, பின்னர் காரைக்கால் அம்மையார் என்று பெயர்பெற்ற புனிதவதியாரின் வரலாறு அந்த முடிவுக்கு இடம் கொடுப்பதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்த அந்த வரலாறு தமிழர்கள் நன்கறிந்தது. அதன் அற்புதங்களெல்லாம் வெளியிலிருந்து வந்த ஒருவரின் பசியில் தொடங்குகின்றன என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. கணவன் பரமதத்தன் கடைக்கு வந்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசித்து வந்த சிவனடியார் ஒருவர் வாசலில் நிற்கிறார். சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. புனிதவதியார் அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை; வெறுஞ்சோறு போட்டு அனுப்பவும் இல்லை. கணவனுக்கென்று வைத்த கனிகளில் ஒன்றை எடுத்து இலையில் வைக்கிறார். உயிர் தரிக்க மட்டும்தான் உணவு என்றால் சோறே போதும். வயிற்றுக்குச் சோறு போட்ட கை, வாய்க்கு ருசியாக ஒன்றையும் சேர்த்துத் தந்தது. வீட்டில் இருப்பவருக்கு எது இனிமையோ அது வழிநடந்து வந்தவருக்கும் வேண்டியிருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. விருந்தோம்பல் என்ற அறமே இந்தப் புரிதலின்மேல்தான் நிற்கிறது. வீட்டு நினைப்பு குற்றம் என்றால், அதைத் தணிப்பதும் குற்றத்துக்குத் துணைபோவதாகிவிடும். நம் மரபு அதைத் தலைசிறந்த அறங்களில் ஒன்றாக அல்லவா வைத்திருக்கிறது? ஹஜ்ஜில் எல்லாவற்றையும் களையச் சொல்லும் இஸ்லாம்தான், பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் நோன்பைத் தள்ளிவைத்துப் பிறகு நோற்கவும் இடம் தருகிறது. வழியில் இருப்பவனின் உடலும் மனமும் வீட்டில் இருப்பவனுடையவைபோல் இல்லை என்பது சமயங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் அம்மையார் ஏன் எல்லாவற்றையும் உதறினார் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கடல் வாணிகத்துக்குப் போன பரமதத்தன் திரும்பி வரவில்லை. பாண்டிநாட்டுத் துறைமுக நகர் ஒன்றில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த பெண்குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். அவனைத் தேடிப் போன மனைவியைத் தெய்வமென்று கருதி, அவர் காலில் குடும்பத்தோடு விழுந்து வணங்கினான். கணவனுக்காகத் தாங்கிய தசையும் அழகும் இனி வேண்டாம் என்று அம்மையார் பேய் வடிவு பெற்றார். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். இதைவிட முழுமையான துறவு இருக்க முடியாது. ஆனால் அந்தப் பயணத்தின் முடிவில் நடந்தது என்ன? தாயும் தந்தையும் இல்லாதவன் என்று போற்றப்படும் இறைவன் அவரை ‘அம்மையே’ என்று அழைக்கிறான். அவர் ‘அப்பா’ என்று சொல்லி விழுகிறார். ஒரு பெண் தன் ஊரைவிட்டுப் போகக்கூடிய கடைசி எல்லையில், எல்லா அடையாளமும் கழன்ற பிறகு, இருவருக்கும் நடுவே எஞ்சி நின்றவை வீட்டில் புழங்கும் இரண்டு சொற்கள். அடுத்து அவர் கேட்ட வரங்களும் அப்படித்தான்: இறவாத அன்பு, பிறவாமை, பிறந்தால் மறவாமை, இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருக்கும் பேறு. கடைசி வரம் இருக்க ஓர் இடம் கேட்கும் வரம். அந்த இடம் திருவாலங்காட்டில் கிடைத்தது. தமிழில் முத்திக்கும் வீடு என்று பெயர், குடியிருக்கும் இடத்துக்கும் வீடு என்று பெயர். சொல்லொற்றுமை மட்டும் வாதமாகிவிடாது. ஆனால் அம்மையாரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும்போது அது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. அவர் தமக்கென்று வைத்திருந்ததை விட்டார். ஒருவருக்கு உரியவராக இருக்கும் உறவை விடவில்லை.

துறவியின் கதையிலிருந்து உழைப்பாளியின் கதைக்கு வருவோம். 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே 6-ஆம் தேதி கரீபியக் கடலின் மர்த்தினிக் தீவிலும், மற்றொரு பயணத்தில் 1854 டிசம்பர் 24-ஆம் தேதி குவாதலூப் தீவிலும் முதல் தொகுதி இந்தியர்களை இறக்கியது. 1880-கள் முடிவதற்குள் குவாதலூப்புக்கு மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. சில தலைமுறைகளில் வீட்டுப் பேச்சிலிருந்து தமிழ் மங்கிப்போனது. ஆனால் குழம்பு மங்கவில்லை. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியும் அதில் வெந்த கறியும் ‘கொலொம்போ’ என்ற பெயரில் இன்று அந்தத் தீவுகளின் பொதுச் சொத்து. ஆப்பிரிக்க வழிவந்தவரும் ஐரோப்பிய வழிவந்தவரும் தங்கள் பண்டிகையில் அதைத் தங்கள் சமையல் என்றே சொல்லிப் பரிமாறுகிறார்கள். மாரியம்மன் வழிபாடு முடிந்ததும் ஆட்டுக்கறிக் குழம்பு வாழையிலையில் விழுகிறது. இன்னொன்றும் அவர்களோடு போனது. காரைக்காலுக்குப் பக்கத்து ஊரான நாகூரில் அடங்கிய இஸ்லாமிய ஞானி நாகூர் ஆண்டவர், கடலில் போகிறவர்களுக்குக் காவல் என்பது இக்கரையின் நம்பிக்கை. கப்பலில் போன இந்துக்கள் அவரை மறக்காமல், அந்தத் தீவுகளில் கொடிமரம் நட்டு ‘நாகூர்மீரா’ என்று வணங்கினார்கள். இந்த ஏக்கத்தைப் பாசக்கயிறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவர்களை மனிதர்களாக நிறுத்தி வைத்தது. பிறகு புதிய மண்ணுக்கு ஒரு கொடையாகவும் ஆனது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். திரும்பிவர வழியில்லாத கூலியின் ஏக்கத்தையும், பத்து நாள் சுற்றுலாவில் இட்லி கிடைக்கவில்லை என்று முகம் சுளிப்பவரின் சலிப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக்கூடாது. திரும்பும் பயணச்சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு வீட்டு ருசி ஒரு வசதி; சீட்டு இல்லாதவருக்கு அந்த ருசியே நினைவு, அதுவே அடையாளம். ஆகவே முன்னவருக்குக் கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும். எண்ணாகமத்தின் கதையையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்கலாம். வெங்காயத்தையும் பூண்டையும் விரும்பியதுதான் அந்த மக்களின் குற்றமா? எகிப்து அவர்கள் அடிமைகளாகக் கிடந்த நாடு. அங்கே வாங்கிய அடியை மறந்து, தின்றதை மட்டும் அவர்கள் நினைவில் வைத்தார்கள். அன்றன்று காலையில் கையருகே இறங்கிய உணவை இகழ்ந்தார்கள். பழைய ருசி புதிய கொடையைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைத்ததுதான் அங்கே பிழை. நம் ஊர்ப் பயணிக்கும் அதே அளவுகோல் பொருந்தும். கையில் பருப்புப்பொடி இருப்பதில் தவறில்லை. அந்தப் பொடியைக் காரணம் காட்டி, அடுத்த வீட்டார் அன்போடு நீட்டிய தட்டைத் தொடாமல் விட்டால், அப்போது அது பாசம்தான்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நம் சமூகத்தில் வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்துபோனதற்கு ருசி மட்டும் காரணமாக இருந்ததில்லை. பிறர் கைபட்டதை உண்ணக்கூடாது என்ற தீட்டுக் கணக்கும் காரணமாக இருந்தது. கடல் கடந்தவரைச் சாதியிலிருந்து விலக்கிய காலம் உண்டு. 1902-இல் பிரித்தானிய மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போன ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங், பெரிய வெள்ளிக் கொப்பரைகளில் கங்கை நீரைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். அப்படியிருக்க, வடகத்தைப் புகழ்வது அந்தப் பழைய வேலிக்கு மறுபடி முள் கட்டுவதாகாதா? இந்த ஆபத்து உண்மையானது. இதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் சுமந்துபோகும் பொருளில் வேலி இல்லை. சுமக்கும் மனத்தில் இருக்கிறது. 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடல் கடக்கத் துணிந்ததற்காகவே அவருடைய சாதியார் அவரை விலக்கி வைத்தார்கள். லண்டனில் அரைவயிற்றோடு அலைந்து ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதன் வழியாக ஆங்கிலேயச் சைவ உணவாளர்களின் நட்பும் அவர்கள் சங்கத்தில் பொறுப்பும் வந்தன. பத்திரிகையில் எழுதவும் அங்கேதான் பழகினார். வீட்டிலிருந்து கொண்டுபோன கட்டுப்பாடு அவரை அயலாரிடம் கொண்டு சேர்த்தது. ஒரே வகைப் பழக்கம் ஒருவரைக் கொப்பரைக்குப் பின்னால் நிறுத்துகிறது, இன்னொருவரை அயலார் மேசையில் உட்காரவைக்கிறது. சமயம் கேட்க வேண்டியது என்ன உண்கிறாய் என்பதைவிட, யாரோடு உண்கிறாய் என்பதைத்தான்.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழா இதே கேள்வியை ஆண்டுதோறும் தெருவில் நிகழ்த்திக் காட்டுகிறது. பிட்சாடனராக இறைவன் வீதி உலா வருகிறான். பிச்சை ஏற்கும் கோலம், ஊர் ஊராகப் போகிறவனின் கோலம். இருபுறமும் வீட்டு மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் ஏந்திப் பிடிக்கிறார்கள். எந்தக் கனி எந்த வீட்டுக் கூடையிலிருந்து வந்தது, எவர் கையில் போய் விழுந்தது என்ற கணக்கு அங்கே கிடையாது. பெரியபுராணக் கதையில் நான்கு கனிகளின் கதி வேறுவேறாக இருப்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்த இரண்டு கனிகளில் ஒன்று அடியாரின் பசியாற்றியது. மற்றொன்றைக் கணவன் உண்டான். அவன் இன்னும் கேட்டபோது இறையருளால் கிடைத்த கனி அமுதத்தைவிட இனித்தது. அது வந்த விதத்தை நம்பாமல், மெய்யா என்று பார்க்க மறுபடி ஒன்று கேட்டு வாங்கினான். அது கையில் இருந்தபடியே மறைந்துவிட்டது. உண்பதற்காக இல்லாமல் உறுதிசெய்துகொள்வதற்காகப் பற்றிய கனி அது. வீட்டு ருசிக்கும் இந்த இயல்பு உண்டு. அயலூரில் அதைத் தனக்கென்று இறுகப் பிடித்து, ஊரில் இருந்ததுபோலவே இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருப்பவருக்கு அது ஒருநாளும் சரியாக அமையாது. தண்ணீர் வேறு, அரிசி வேறு, காற்று வேறு. பாரிசின் புறநகர் அடுக்குமாடியில் ஒரு வடக உருண்டையை எண்ணெயில் உதிர்த்து, வாசம் படியிறங்கிப் போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்து, எதிர்வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பவருக்கு அந்தக் குறை தெரியாது. காரைக்கால் வீட்டில் கறி ஆகாத அன்று இலையில் விழுந்த கனியும் அப்படிக் கொடுத்த கைக்குரியதுதான்.