தனக்குத் தானே கொடுத்த வாக்கு



ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு வடம் பிடிக்கும்போது எனக்கு முழங்கால் நோவு நினைவுக்கு வருவதில்லை. அதே நான் வீட்டில் பத்து நிமிட உடற்பயிற்சிக்கு ஆயிரம் சாட்டுச் சொல்கிறேன். தைப்பொங்கலுக்கு வாங்கிய பயிற்சிச் சைக்கிளில் மாசியிலேயே உடுப்புக் காயத் தொடங்கிவிட்டது. (காயப்போட்டவனும் நானே, மனைவியைக் குறை சொல்ல வழியில்லை.)

தேரடியில் இருபுறமும் ஆட்கள் நிற்கிறார்கள். வீட்டிலோ வாக்குக் கொடுத்தவனும் நான், வாங்கியவனும் நான். வேலையால் களைத்து வந்த இரவில் "இன்றைக்கு விடு" என்று மன்னிப்பவனும் நானே. அப்படியானால் அது வாக்குத்தானா?

ஜேர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட், 1797இல் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் இதைக் கேட்டார். கட்டியவனே அவிழ்த்துவிடலாம் என்றால் தனக்குத் தான் கடமை எப்படி உண்டாகும்? மனிதனை இருவகையாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் விடை. ஆசைக்கும் அலுப்புக்கும் ஆட்படுபவன் ஒருவன். எது சரியென்று அறிந்து கட்டளையிடுபவன் இன்னொருவன். அலுத்தவனுக்கு அவிழ்க்கும் உரிமை இல்லை. உடலின் வலுவைப் பேணுவதையும் அவர் அக்கடமைகளில் சேர்த்தார். ஒடுங்கிய நெஞ்சுடைய அவர், கோனிக்ஸ்பேர்க் நகரில் நாள்தோறும் நேரம் தவறாமல் நடந்தார். 1804இல் மறைந்தபோது வயது 79.

ஆனால் கான்ட் குடும்பம் இல்லாதவர். இரவுவேலை, சமையல், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி என்று ஓடும் எங்கள் தாய்மாரின் களைப்பை வெறும் அலுப்பென்று தள்ளலாமா? சில இரவுகளில் "போய்ப் படு" என்று கட்டளையிடுபவனும் அந்த இரண்டாமவன்தான். எது சாட்டு, எது களைப்பு என்று பிரித்தறிவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

நேற்று உடுப்புகளை எடுத்து மடித்து வைத்தேன். ஐந்து நிமிடம் மிதித்தேன்.